மணியின் கால் எலும்பு ஏன் இன்னும் கூடவில்லை?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டு, நாயின் பெயரையும் மாற்றி, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 58 வயது. முப்பது வருஷம் பால்மரம் சீவியவர். கணவர் இல்லை, மகன் ஜொகூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் துணைக்கு இருப்பது மணி: நான்கு வயது நாட்டு நாய், 18 கிலோ. ஒன்பது வாரத்துக்கு முன்னால் செம்பனைக் குலை ஏற்ற வந்த லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது மணியை இடித்துத் தள்ளிவிட்டது. வலது பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு ஐந்து துண்டாகிவிட்டது. தோல் கிழியவில்லை. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் தகடு வைத்தார்கள். செலவு 4,200 வெள்ளி, மகன் கடன் வாங்கி அனுப்பிய பணம்.

முழங்கால் பக்கம் ஒன்றும் கணுக்கால் பக்கம் ஒன்றுமாக இரண்டு சின்ன வெட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். உடைந்த இடத்தைத் திறக்கவே இல்லை. அறுவைக்குப் பிறகு எடுத்த எக்ஸ்ரேயில் துண்டுகள் தள்ளித் தள்ளிக் கிடந்ததைப் பார்த்து, “ஒண்ணோட ஒண்ணு சேர்க்காம, தகட்ட மட்டும் சொருகி அனுப்பிட்டாங்களோ” என்று அவருக்கு அன்றே சந்தேகம். மூன்றாவது வாரத்தில் மணி நன்றாகக் காலூன்றியதும் கூண்டிலிருந்து விட்டுவிட்டார். லயத்துக்குப் பின்னால் குரங்கைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறது. ஆறாவது வார எக்ஸ்ரேவுக்குப் போகவில்லை. நாய் நடக்கிறதே, வண்டிக் கூலி வேறு. ஒன்பதாவது வாரம் திரும்ப நொண்ட ஆரம்பித்ததும் ஓடியிருக்கிறார். எலும்பு கூடவில்லை, ஓர் ஆணி லேசாக வெளியே வந்திருக்கிறது என்று சொன்னார்களாம். கீழ்த் தழும்பின் ஓரத்தில் ஒரு சிறு ஈரத் துளையும் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் தைலம் போட்டு மூங்கில் பத்தை கட்டச் சொல்கிறார். அக்கா மகன், காலை எடுத்துவிடு, நொண்டி நாயை வைத்திருந்தால் சட்டப்படி குற்றம் என்று பயமுறுத்துகிறார். இன்னொருவர் டாக்டர் மேல் கேஸ் போடு என்கிறார். அம்மா தன் சுண்ணாம்பு (கால்சியம்) மாத்திரையை மணிக்குப் பொடித்துப் போடுகிறார். ராத்திரியில் அரை பனடோலும் கொடுக்கிறார். கடைசி வரி இது: “நான் அவுத்து விட்டதாலதான் என் புள்ள கால் போச்சா, டாக்டர்?”

அம்மா, கால் போகவில்லை. நீங்கள் அனுப்பிய மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். எக்ஸ்ரே படங்களை டாக்டரின் கணினித் திரையிலிருந்து கைப்பேசியில் எடுத்ததால் விளக்கு வெளிச்சம் குறுக்கே விழுந்திருக்கிறது. ஆனாலும் பார்க்க வேண்டியது தெரிகிறது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நாயைத் தொட்டுப் பார்க்காமல் நான் முடிவு சொல்லக் கூடாது. ஆனால் எந்தத் திசையில் போவது என்று சொல்ல முடியும்.

சின்ன வெட்டும் சேர்க்காத துண்டுகளும்

முதலில் உங்கள் மனசை அரித்துக்கொண்டிருக்கும் சந்தேகம். மரம் சீவும்போது கத்தி ஆழமாக இறங்கி உள்மரத்தைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் அப்பாவும் சீவியவர்தான். மண்டோர் திட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த இடத்தில் புதுப்பட்டை ஒழுங்காக வராது, முண்டும் முடிச்சுமாகத்தான் வளரும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கிற மெல்லிய ஈர அடுக்கில்தான் மரத்தின் உயிர் இருக்கிறது.

எலும்புக்கும் மேலே அப்படி ஓர் உறை உண்டு. எலும்பு உடைந்தால் புது எலும்பை முதலில் கட்டத் தொடங்குவது அந்த உறைதான். உடைந்த இடத்தில் உறைந்து நிற்கும் ரத்தமும் அழுக்கு இல்லை. காயத்தை ஆற்றும் செல்களைக் கூப்பிட்டுச் சேர்க்கும் பொருள்கள் அதற்குள்தான் இருக்கின்றன.

1958இல் சுவிட்சர்லாந்தில் எலும்பு அறுவை மருத்துவர்கள் சிலர் சேர்ந்து ஏஓ என்ற குழுவைத் தொடங்கினார்கள். மனிதர்களுக்கும் விலங்குகளுக்கும் தகடு வைக்கும் முறைகள் பெரும்பாலும் அவர்கள் வகுத்ததுதான். ஆரம்பக் காலத்தில் நீளமாகத் திறந்து, ஒவ்வொரு துண்டையும் எடுத்து, அதனதன் இடத்தில் கச்சிதமாகப் பொருத்த வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார்கள். எக்ஸ்ரேயில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பல துண்டாக நொறுங்கிய எலும்பில் அப்படிப் பொருத்தும்போது உறை உரிந்தது, உறைந்த ரத்தம் கழுவிப் போனது, ரத்த ஓட்டம் அறுந்து துண்டுகள் செத்தன. அதனால் பிறகு வழியை மாற்றினார்கள். மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் திறந்து, தோலுக்கடியில் தகட்டை நுழைத்து, எலும்பின் நீளமும் நேரும் சரியாக இருக்கும்படி இரண்டு முனைகளை மட்டும் பிடித்துவைப்பது. நடுவில் கிடக்கும் துண்டுகளைத் தொடாமல் விடுவது. தகடு பாலம் மாதிரி நிற்கும், அதன் நிழலில் உடம்பே துண்டுகளைச் சேர்த்துப் புது எலும்பால் முட்டுக் கட்டிக்கொள்ளும். மணிக்குச் செய்தது இதைத்தான். முழங்காலுக்குக் கீழே உட்பக்கத்தில் எலும்புக்கு மேல் சதையே கிடையாது, தோல் மட்டும்தான். அந்த இடத்தில் நீளமாகத் திறந்தால் புண் ஆறுவதே பெரும்பாடு. ஐந்து துண்டான எலும்புக்கு நானாக இருந்தாலும் இந்த வழியைத்தான் எடுத்திருப்பேன்.

இந்த முறைக்கு ஒரு குறையும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. எலும்பைக் கண்ணால் பார்க்காமல் நிறுத்துவதால் கால் கொஞ்சம் திருகி நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது. மணியின் பாதம் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முழங்காலும் கணுக்காலும் ஒரே படத்தில் விழும்படி எக்ஸ்ரே எடுத்து, அது எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். கொஞ்சம் திருகலாக இருந்தால் நாய் சமாளித்துக்கொள்ளும்.

ஓடியதால் என்ன நடந்திருக்கும்

மூன்றாவது வாரம் மணி நன்றாக நடந்தது எலும்பு கூடியதால் அல்ல. தகடு பாரத்தைத் தாங்கியதால் வலி போய்விட்டது, அதனால் நடந்தது. நாய்க்கு அந்த வித்தியாசம் தெரியாது. யாரும் உட்கார வைத்து விளக்காவிட்டால் உங்களுக்கும் தெரிய வழியில்லை.

உடைந்த இடத்தில் முதலில் வளர்வது ரத்தம் ஊறிய இளஞ்சதை. அது தன் நீளத்துக்கு ஒரு மடங்கு இழுபட்டாலும், அதாவது 100 சதவீதம் நீண்டாலும், பிய்யாது. பிறகு வரும் குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம் தாங்கும். எலும்போ 2 சதவீதத்துக்கு மேல் இழுத்தால் உருவாகாது. இப்போது கணக்குப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்து, அது அரை மில்லிமீட்டர் அசைந்தால் அசைவு 50 சதவீதம். அதே அசைவு நாலைந்து இடைவெளிகளில் பிரிந்து, மொத்தம் 10 மில்லிமீட்டரில் பரவினால் 5 சதவீதம்தான். துண்டு துண்டான எலும்பில் பாலத் தகடு நன்றாக வேலை செய்வது இதனால்தான். (இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று: உங்கள் நாய்க்கு எலும்பு இரண்டே துண்டாக, நேர்க்கோடாக உடைந்திருந்தால், இடைவெளி விட்டுப் பாலம் போடுவது சரி வராமல் போகலாம். முனைகளை இறுக்கிச் சேர்க்கப் போகிறீர்களா என்று அறுவைக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள்.)

குரங்கைத் துரத்திய ஓட்டத்தில் அந்த அளவு எகிறியிருக்கும். குருத்தெலும்பு எலும்பாக மாறுகிற நேரத்தில் அசைவு அதிகமாகி, ஆணி எலும்பைக் குடைந்து தளர்ந்திருக்கலாம். அதனால் உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில்: ஆமாம், அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஈரத் துளையும் கணக்கில் வருகிறது.

‘கூடவில்லை’ என்பது ஒரே நோய் இல்லை

ஒன்பது வாரம் என்பது நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தாமதம் இல்லை. குட்டி நாய்க்கு ஒரு மாதத்தில் கூடிவிடும். ஒரு வயது தாண்டிய நாய்க்கு இரண்டு, மூன்று மாதம் சாதாரணம்; தகடு இறுக்கிப் பிடித்திருந்தால் ஐந்து மாதத்துக்கு மேலும் போகும்.

நாங்கள் பார்ப்பது வேறு. கூடாத எலும்பில் உயிர் இருக்கிறதா, இல்லையா? உயிர் இருந்தால் முனைகளைச் சுற்றிப் புது எலும்பு தடித்து வளரும். யானைக் கால் மாதிரி விரிந்து நிற்கும், ஆனால் நடுவில் ஒட்டாது. அதற்குத் தேவை அசையாத பிடிப்பு மட்டும். உயிர் இல்லை என்றால் முனைகள் கூர்ந்து, பென்சில் சீவிய மாதிரி மெலிந்துபோகும், சுற்றிலும் எதுவும் வளராது. அதற்குப் பிடிப்போடு புது எலும்புச் சோறும் (எலும்புக்குள் பஞ்சு போல இருப்பது) வேண்டும். நாயின் தோள் பக்கத்து எலும்பிலிருந்து எடுத்து அந்த இடத்தில் வைப்போம். பொமரேனியன், குட்டிப் பூடில் போன்ற சின்ன ஜாதிகளுக்கு முன்னங்கை உடைந்தால் இந்த இரண்டாவது வகை அடிக்கடி வரும். மணிக்கு அந்தப் பயம் குறைவு.

உங்கள் இரண்டாவது படத்தில், முழங்கால் பக்கத்து முனையைச் சுற்றி வெண்மையாக ஒரு திரட்சி தெரிகிறது. “தொட்டா கட்டி மாதிரி இருக்கு, புற்றுநோயா?” என்று கேட்டிருந்தீர்களே, அது பெரும்பாலும் மணியின் உடம்பே கட்டிக்கொண்டிருக்கும் முட்டுத்தான். அந்தக் கட்டியைப் பார்த்ததும் எனக்கு மனம் நிம்மதியானது.

அந்த ஈரத் துளை

எனக்குக் கவலை இதில்தான். மூன்றாவது படத்தில் மணி பாயில் படுத்திருக்கிறது. வெள்ளைக் காலில் துளையைச் சுற்றி மட்டும் முடி துருப்பிடித்த நிறத்தில் இருக்கிறது. அது ரத்தம் இல்லை, எச்சில் கறை. அந்த நிறம் ஏற வேண்டுமென்றால் நேற்று முந்தாநாள் நக்க ஆரம்பித்திருக்க முடியாது, வாரக்கணக்கில் நக்கியிருக்கிறது. தகட்டுக்கடியில் கிருமி தங்கியிருக்கலாம்.

நாய்களுக்கு எலும்பில் சீழ் வைப்பது பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வகைக் கிருமி. உலோகத்தின் மேல் அது வழவழப்பான ஒரு படலம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மருந்து முழுதாக உள்ளே போகாது. அதற்காக உடனே தகட்டைக் கழற்ற வேண்டும் என்றும் இல்லை. தகடு உறுதியாக இருந்தால், சீழ் இருக்கும்போதே எலும்பு கூடிவிடும். கூடிய பிறகு தகட்டை எடுத்தால் கிருமியும் போய்விடும். தளர்ந்த உலோகம் மட்டும் இருக்கக் கூடாது. அசைவும் கிருமியும் சேர்ந்தால் எலும்பு ஒருநாளும் கூடாது.

கிருமியைச் சோதிக்க ஆழத்திலிருந்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், மேல் தோலைத் துடைத்து எடுத்தால் தோலில் உள்ள கிருமிதான் வரும். அதுவரை வீட்டில் மிச்சம் இருக்கும் எந்த ஆன்டிபயோடிக்கையும் கொடுக்காதீர்கள். சோதனை பொய் சொல்லும். சரியான மருந்து தெரிந்த பிறகு நாலு முதல் எட்டு வாரம் வரை விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும். மணி நக்க முடியாதபடி இன்றே கழுத்துக்குக் கூம்பு மாட்டிவிடுங்கள்.

மாத்திரைகளும் மூங்கில் பத்தையும்

பனடோலை இன்றோடு நிறுத்துங்கள். அரை மாத்திரை 18 கிலோ நாயை உடனே கொன்றுவிடாது. ஆனால் வாரக்கணக்கில், டாக்டர் கொடுத்த மருந்தோடு சேர்த்து, அளவு பார்க்காமல் கொடுப்பது ஈரலுக்கு ஆபத்து. எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ரத்தச் சோதனை செய்வார். இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற மனித வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது: குடலில் புண், சிறுநீரகக் கோளாறு. பக்கத்து வீட்டில் யாராவது பூனைக்குப் பனடோல் கொடுத்தால் தடுத்துவிடுங்கள், பூனைக்கு அது விஷம்.

சுண்ணாம்பு மாத்திரையால் எலும்பு சீக்கிரம் கூடாது. வளர்ந்த நாய்க்கு எலும்பு கூடாததற்குக் காரணம் அசைவு, கிருமி, ரத்த ஓட்டக் குறைவு. சுண்ணாம்புக் குறைவு அபூர்வம். வெறும் சோறும் கோழியும் மட்டும் போடுகிறீர்கள் என்றால், மாத்திரைக் காசில் ஒரு பை நல்ல நாய்த் தீனி வாங்குங்கள்.

தைலக் கட்டு வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனசோடு சொல்கிறார், தெரியும். ஆனால் உள்ளே தகடு இருக்கும்போது வெளியே இறுக்கிக் கட்டினால் சதையில்லாத அந்த இடத்தில் தோல் அழுகும், கணுக்கால் விறைத்துப்போகும், சீழ் உள்ளேயே அடைபடும். மூங்கில் பத்தை கட்டி, விரல்கள் கறுத்து வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் காலைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது உள்ள வழிகள்

முதல் வேலை: புது எக்ஸ்ரே, முன்பக்கமும் பக்கவாட்டும், இரண்டு கோணத்திலும். கூடவே மயக்கம் கொடுத்து, காலை அசைத்துத் தகடு ஆடுகிறதா என்று பார்ப்பது. ஓர் ஆணி மட்டும் தளர்ந்து, மற்றவை இறுக்கமாக இருந்து, முட்டு வளர்ந்துகொண்டிருந்தால், கடுமையான ஓய்வோடு நாலு முதல் ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். தகடே ஆடினால் இரண்டாவது அறுவை தவிர்க்க முடியாது. கிருமி இருக்கும் காலில், உடைந்த இடத்தில் உலோகமே இல்லாமல், வெளியிலிருந்து கம்பி குத்திச் சட்டம் போடும் முறையையும் கேட்டுப் பாருங்கள்; தினமும் கம்பி ஓரத்தைச் சுத்தம் செய்யப் பொறுமை வேண்டும். உங்களுக்கு அது இருக்கும் என்று நம்புகிறேன்.

காலை எடுப்பது கடைசி வழி. அது கொடுமையும் இல்லை. நாயின் உடல் பாரத்தில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் விழுகிறது, பின்னங்கால் ஒன்று இல்லாமல் நாய்கள் சந்தோஷமாக ஓடுகின்றன. ஆனால் கட்டி வளர்கிற, உயிருள்ள எலும்புக்கு இப்போதே அந்த முடிவு அவசரம். சட்டம் பற்றி அக்கா மகன் சொன்னது தவறு. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் விலங்கின் வலியையும் நோயையும் கவனிக்க வேண்டும் என்கிறது. நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஓய்வு என்றால் சங்கிலி இல்லை. சங்கிலியில் கட்டிய நாய் யார் வந்தாலும் எகிறி இழுக்கும், அது ஓடுவதைவிட மோசம். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருக்கிற, குதிக்க முடியாத கூண்டு வேண்டும். வாசலைப் பார்த்து வைக்காதீர்கள், குரங்கு கண்ணில் படும். ஒன்றுக்கு ரெண்டுக்கு மட்டும் குட்டைக் கயிற்றில், வயிற்றுக்கடியில் துண்டு கொடுத்து, ஐந்து நிமிஷம் மெதுவாக நடக்கட்டும். அந்த மெதுவான ஊன்றல் எலும்புக்கு நல்லது. தரை டைல்ஸாக இருந்தால் ரப்பர் விரிப்புப் போடுங்கள்.

கேஸ் போடலாமா?

1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர் சட்டத்தின்படி நம் நாட்டில் எல்லாக் கால்நடை மருத்துவர்களும் மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். புகாரை அந்த மன்றத்துக்கு எழுதலாம். அது உங்கள் உரிமை. ஆனால் துண்டுகளைச் சேர்க்காமல் விட்டதற்காகப் புகார் கொடுத்தால் நிற்காது, அது சரியான சிகிச்சை.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில். வீட்டுக்கு அனுப்பும்போது ஆங்கிலத்தில் அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள், யாரும் படித்துச் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ‘எட்டு வாரம் கூண்டு’ என்று அதில் இருந்ததை மகன் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டீர்கள். தாளைக் கையில் திணித்தால் சொன்னதாக ஆகாது. தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் மணி கூண்டிலேயே இருந்திருக்கும். இதை அந்த டாக்டரிடமே நேராகச் சொல்லுங்கள். மறு அறுவை தேவைப்பட்டால் கட்டணத்தைக் குறைக்கக் கேட்பதற்கும் இது நியாயமான காரணம்.

எக்ஸ்ரே படங்கள், அறுவைக் குறிப்பு இரண்டின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பதிலில் உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். தூரம்தான், ஆனால் நகல்கள் கையில் இருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டி வராது. உங்கள் டாக்டரின் பரிந்துரைக் கடிதத்தோடு, முன்கூட்டியே பேசி நாள் குறித்துக்கொண்டு போங்கள்.

இந்த வாரமே ஈப்போவுக்குப் போய்விடுங்கள். வண்டியில் மணி படுத்துக்கொண்டு வரட்டும், மடியில் தூக்கி வைக்காதீர்கள். பெட்டியின் பக்கத்தில் சுருட்டிய துணி கொடுத்தால் வளைவுகளில் உருளாது. கிருமிச் சோதனை முடிவும் இரண்டு கோண எக்ஸ்ரேயும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். திரையை எடுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். வெளியே வந்த அந்த ஆணியைத் தெளிவாகப் பார்க்க வேண்டும்.